பன்னிரண்டு டென்ஸ் அட்டவணை கொஞ்ச நாள் பொறுக்கட்டும்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். முதல் நாளே பன்னிரண்டு டென்ஸையும் கட்டம் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வதை நிறுத்துங்கள் என்று கேட்கவே இந்த மடல். உங்களிடம் வருகிறவர்கள் டாக்சி ஓட்டுகிறார்கள், லாட்ஜ் ரிசப்ஷனில் நிற்கிறார்கள், சாக்லேட் கடையில் வேலை பார்க்கிறார்கள். அவர்களைத் தடுக்கி விடுவது வாயில் ஊறிய தமிழ் வினைதான்.

'நேத்து தொட்டபெட்டா போயிருந்தேன்' என்பது நல்ல தமிழ். அதுவே 'ஐ ஹேட் கான் எஸ்டர்டே' ஆகிவிடுகிறது. 'ஹேட்' (had) வர வேண்டுமானால், அதற்குப் பின்னால் நடந்த இன்னொன்றும் பேச்சில் இருக்க வேண்டும். 'வென் வி ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெய்ன் ஹேட் லெஃப்ட்': நாம் போவதற்குள் வண்டி போய்விட்டது. 'ஹேட்' இல்லாமல் வெறும் 'லெஃப்ட்' என்றால், நாம் போய்ச் சேர்ந்ததும் கிளம்பியதாக அர்த்தம் மாறிவிடும். தொட்டபெட்டாவுக்கு 'ஐ வென்ட்' போதும்.

மலை ரயிலையே பாடமாக வைக்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இல் திறந்தது, ஊட்டி வரை 1908இல். 'ஓடிக்கிட்டிருக்கு' என்று நினைப்பவருக்கு 'இஸ் ரன்னிங் சின்ஸ் 1908' என்றுதான் வரும். 'சின்ஸ்' இருந்தால் 'ஹேஸ் பீன் ரன்னிங்'. திறந்த வருடத்தைச் சொல்லும்போது 'ஓப்பன்ட் இன் 1908'. அங்கே 'ஹேஸ்' நுழையக் கூடாது. நாளைக்கு மேட்டுப்பாளையத்தில் 7.10க்குக் கிளம்பும் என்பதற்கு 'வில்' கூட வேண்டாம், 'லீவ்ஸ் அட் 7.10 டுமாரோ' போதும்.

'ரூம் இருக்கா?' என்றால் 'வி ஹேவ் ரூம்ஸ்'. 'ஆர் ஹேவிங்' சாப்பாட்டுக்குச் சரி, ரூமுக்கு ஆகாது.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது 'டிட்'டுக்கு. 'போனீங்களா'வில் இறந்தகாலம் வினைக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலக் கேள்வியில் அதை 'டிட்' வாங்கிக்கொள்கிறது, 'வென்ட்' பழையபடி 'கோ' ஆகிவிடுகிறது. 'யூ வென்ட், டிட் யூ கோ?', 'யூ பாட், டிட் யூ பை?' என்று ஜோடி ஜோடியாக வாயால் சொல்ல வையுங்கள். ஒரு வாரம் போனாலும் பரவாயில்லை. ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் கன்டினியூயஸ் தெரியாததால் ஊட்டியில் எந்த ரூமும் காலியாகக் கிடந்ததில்லை.

உச்சரிப்பையும் அங்கேயே திருத்திவிடுங்கள். t, d ஒலியில் முடியும் வினைக்கு மட்டும்தான் இறந்தகாலத்தில் ஓர் அசை கூடும்: 'வெயிட்டட்', 'நீடட்'. அதே வாலை எல்லாவற்றிலும் ஒட்டுவதால்தான் 'பார்க்ட்' என்பது 'பார்க்கெட்' ஆகிறது.

இப்படிக்கு,
குன்னூரிலிருந்து ஆங்கில ஆசிரியர்கள் சிலர்