பூவா தலையா

அன்புள்ள சுந்தரம்,

முழங்கால் வலி குறைந்து நீ நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு வேலை கிடைத்துவிட்டது.

விடுதி மொட்டைமாடியில் நீ காசைச் சுண்டி உள்ளங்கையில் மூடிக்கொண்டு, "பூவா தலையா என்பது எப்போதோ முடிவாகிவிட்டது, நமக்குத்தான் தெரியவில்லை. அணுவும் அப்படித்தான்" என்றாயே, ஞாபகம் இருக்கிறதா? நாற்பது வருடம் கழித்துப் பதில் சொல்கிறேன்: அணு அப்படி இல்லை.

ஒரு ஆட்டம் வைத்துக்கொள்வோம். நீ ஓர் அறையில், நான் வேறோர் அறையில். குலுக்கலில் ஆளுக்கொரு சீட்டு வரும், சிவப்போ பச்சையோ. பார்த்துவிட்டுப் 'பூ' அல்லது 'தலை' என்று சொல்ல வேண்டும். இரண்டு சீட்டும் சிவப்பு என்றால் நம் பதில்கள் வேறுபட வேண்டும். மற்றபடி ஒன்றாக இருக்க வேண்டும். முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள மொத்தம் 16 வழிகள்தான். கணக்கு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தேன். நூறு ஆட்டத்துக்குச் சராசரி 75 வெற்றியை ஒன்றும் தாண்டவில்லை. இருவரும் எப்போதும் 'பூ' என்றாலே அந்த 75 வந்துவிடுகிறது!

ஆனால் பின்னிப் பிணைந்த (எவ்வளவு தூரம் பிரித்தாலும் அளவீடுகள் ஒன்றோடொன்று தொடர்புபட்டே இருக்கும்) ஒளித்துகள்கள் ஆளுக்கொன்று கையில் இருந்து, சீட்டின் நிறத்துக்கேற்ற கோணத்தில் அளந்தால், 85 வரை ஜெயிக்கலாம். இயற்பியலாளர் ஜான் பெல் 1964-இல் திறந்த வழி இது. ஆய்வகத்தில் காட்டிய கிளவுசர், ஆஸ்பே, சைலிங்கர் மூவருக்கும் 2022-இல் நோபல் கிடைத்தது. அறைக்கு அறை சேதி எதுவும் போகாமல், காசு முன்பே விழுந்து கிடந்தது என்றால், இந்த 85 வராது.

சரி, ஏன் 100 இல்லை? என்னைத் தூங்கவிடாத கேள்வி இதுதான். 100 வந்தாலும்கூட ஒளியை முந்திச் சேதி அனுப்ப முடியாது என்று 1994-இல் போபெஸ்குவும் ரோர்லிக்கும் காட்டிவிட்டார்கள். அப்புறம் எது தடுக்கிறது? 2009-இல் ஒரு யோசனை வந்தது. 100 சாத்தியமானால், நீ ஒரே ஒரு 'ஆம், இல்லை' எழுதி அனுப்பினால் போதும். உன் டைரியில் பக்கத்துக்கு ஒரு 'ஆம், இல்லை' இருந்தால், அதில் எந்த ஒரு பக்கத்தையும் என் இஷ்டப்படி தேர்ந்து நான் தெரிந்துகொள்ளலாம். அனுப்பிய தகவலைவிட அதிகம் கைக்கு எட்டக்கூடாது என்று விதி வைத்தால், ஆட்டம் சரியாக அந்த 85-இல் வந்து நிற்கிறது. அணு உலகின் விதிகளைச் சொல்லும் குவாண்டம் கோட்பாடு முழுவதும் இந்த ஒரு விதியிலிருந்து வந்துவிடாது. ஆனாலும் நிகழ்தகவுக்குத் தகவல் வேலி போடுகிறது என்பதை நினைத்தாலே எனக்குப் புல்லரிக்கிறது.

பொங்கலுக்கு வா, ஆடிப் பார்ப்போம். சீட்டு நான் வெட்டி வைக்கிறேன். அந்த 16 வழியில் நான் எதையாவது விட்டிருந்தால் நீதான் கண்டுபிடிப்பாய்.

அன்புடன்,
ராகவன்