காப்பகங்களின் அறங்காவலர்களுக்கு ஒரு மடல்

செட்டிநாட்டில் மனநலக் காப்பகம் நடத்தும் அறங்காவலர்களுக்கும், அள்ளிக் கொடுக்கும் நகரத்தார் பெருமக்களுக்கும் வணக்கம்.

என் சின்னாத்தா ஒரு காப்பகத்தில் இருக்கிறார். வேளைக்குச் சாப்பாடு, மாத்திரை, வெளுத்த துணி எல்லாம் கிடைக்கின்றன. அதற்கு மனமார்ந்த நன்றி. ஆனால் காலைக் காபி முடிந்தால் மதியம் வரை அங்கே செய்வதற்கு ஒன்றுமே இல்லை. சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். டிவி பாட்டுக்கு ஓடுகிறது.

போன முறை பனை ஓலை கொண்டுபோனேன். சின்னாத்தா அந்தக் காலத்தில் கொட்டான் என்ற ஓலைக் கூடை முடைந்தவர். ஓலையைத் தண்ணீரில் நனைத்து, நாரை ஒரே அகலமாக வகிர்ந்து, மடியில் வைத்து அடி பின்ன ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் பக்கத்து ஆச்சி நகர்ந்து வந்து, “விளிம்பு கோணுது, இழுத்துப் பிடி” என்றார். அந்த ஆச்சி பேசி நான் கேட்டதே இல்லை.

நோயாளிகளுக்குக் கைவேலையும் பொழுதுபோக்கும் கொடுப்பது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. இங்கிலாந்தின் யார்க் நகரில் 1796-இல் க்வேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் தொடங்கிய மனநோய் விடுதியில் நோயாளிகள் தோட்டம் போட்டார்கள், முயலும் கோழியும் வளர்த்தார்கள். 1844-இல் ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ் மனநல மருத்துவமனை நோயாளிகள் சொந்தமாகப் பத்திரிகையே நடத்தினார்கள். வூஸ்டர் அருகே பவிக் மனநோய் விடுதியில் ஊழியர்களின் வாத்தியக் குழுவுக்கு 1879 முதல் ஐந்தாண்டுகள் தலைமை ஏற்றவர், பின்னாளில் பெரும் புகழ் பெற்ற இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கர். நோயாளிகளின் நடனத்துக்கென்றே அவர் இசை எழுதினார்.

அதே காலத்தில் பணம் கட்டியவர்களுக்கு பில்லியர்ட்ஸ், ஏழைகளுக்குச் சலவையும் வயல் வேலையும் என்றும் பல விடுதிகளில் நடந்தது. சிகிச்சை என்று பெயர், மிச்சமானது செலவு. அந்தத் தப்பு இங்கே வரக்கூடாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, ஓய்வுக்கும் பொழுதுபோக்குக்கும் வசதி கேட்கும் உரிமையை நோயாளிக்குக் கொடுக்கிறது. கட்டாயப்படுத்தி வேலை வாங்கக்கூடாது, விரும்பிச் செய்தால் தகுந்த கூலி தரவேண்டும் என்றும் சொல்கிறது. முடைந்த கொட்டானை விற்றால், காசு முடைந்தவருக்குத்தான் போகவேண்டும்.

கட்டடத்துக்கும் அன்னதானத்துக்கும் கொடுப்பதில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குங்கள். முடையச் சொல்லித்தரத் தெரிந்த ஒருவரைச் சம்பளத்துக்கு வையுங்கள். தாயக்கட்டை, பல்லாங்குழி வாங்குங்கள். சாயங்காலம் திண்ணையில் உட்காரக் கதவைத் திறந்துவிடுங்கள். அப்புறம், யாருக்கு எது பிடிக்கும் என்று அவர்களிடமே கேளுங்கள். சும்மா இருக்கத்தான் பிடிக்கும் என்று ஒருவர் சொன்னால் அவரை அப்படியே விட்டுவிடுங்கள்.