கெட்ட ரேமும் புது சர்வரும்

அன்புள்ள சேகர்,

நலம்தானே? என் சர்வரில் இருந்த படங்கள் கெட்டதற்குக் காரணம் டிஸ்க் போய்விட்டதா என்று கேட்டிருந்தாய். போயிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். மிரரில், அதாவது ஒரே தரவை இரண்டிலும் எழுதும் ஜோடியில், இருந்த இரண்டு டிஸ்க்குகளும் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் பரிசோதனையிலும் பாஸ். படங்களைத் திறந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. நெற்றியும் கண்ணும் சரியாக இருக்கும், மூக்குக்குக் கீழே நிறம் பச்சையாகி முகம் பக்கவாட்டில் நகர்ந்து கிடக்கும். சிலவற்றில் பாதிக்குக் கீழே வெறும் சாம்பல். ஜேபெக் படக்கோப்பில் ஒவ்வொரு துண்டும் முந்தைய துண்டை நம்பித்தான் விரிகிறது. நடுவில் ஒரு பிட் பிசகினால் மிச்சமும் கோணல்தான்.

குற்றவாளி ரேம், கணினியின் தற்காலிக நினைவகம். அதைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஓடவிட்டால் திரை முழுக்கச் சிவப்பு வரிகள். பழைய டிஸ்க்கிலிருந்து இந்த மிரருக்கு எல்லாவற்றையும் மாற்றியபோது, வழியில் கெட்டது இரண்டு டிஸ்க்கிலும் ஒரே மாதிரி பதிந்திருக்கிறது. மிரருக்கு என்ன தெரியும், பாவம்! கொடுத்ததை இரண்டு முறை எழுதிவைத்தது.

இதில் ஒரு அதிர்ஷ்டம். பேக்கப் எடுக்கும் ஆர்சிங்க் நிரல் வழக்கமாக அளவையும் தேதியையும் மட்டும்தான் பார்க்கும். கெட்ட கோப்புகளுக்கு அவை இரண்டும் மாறவில்லை. அதனால் வெளி டிஸ்க்கில் இருந்த பழைய பேக்கப்பை அது தொடவே இல்லை! இப்போது வேறொரு நல்ல கணினியில், ஆர்சிங்கையே செக்சம், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண், பார்க்கச் சொல்லி, ஆனால் எதையும் எழுதாத ஒத்திகை ஓட்டமாக ஓட்டி, வேறுபடும் கோப்புகளைப் பட்டியல் எடுக்கிறேன். ஒத்திகை என்று சொல்ல மறந்தால் கெட்டது நல்லதன் மேல் ஏறிவிடும், ஜாக்கிரதை.

அந்த வெளி டிஸ்க்கிலும் சில செக்டர்கள் மக்கர் செய்கின்றன. அதனால் முதலில், பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ நிரலால் முழு நகல். சுலபமாக வரும் பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, முரண்டு பிடிப்பவற்றுக்குப் பிறகு திரும்பி வரும். எங்கே விட்டது என்று மேப் கோப்பில் குறித்துவைக்கும். புதிய படங்களுக்குப் பேக்கப் இல்லை. கேமரா கார்டில் அழிந்த படங்களைத் தேடும் ஃபோட்டோரெக் நிரல் தோண்டித் தருவதுதான் மிச்சம்.

புது சர்வருக்கு வருகிறேன். இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை போட்டால் போதும் என்கிறாய். ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம் வைத்து, எந்த டிஸ்க்கில் இருப்பது சரி என்று அறிந்து திருத்தும், உண்மை. ஆனால் செக்சம் போடும் முன்பே ரேமில் கெட்டால் அந்தத் தப்புக்கே அது முத்திரை குத்திவிடும். அதனால் தன் பிழையைத் தானே கண்டு திருத்தும் இசிசி ரேமும் அதை நிஜமாகவே ஏற்கும் மதர்போர்டும்தான் எனக்கு முதல் செலவு. பிராசசர் பழசாக இருந்தாலும் பரவாயில்லை. டிஸ்க்குகள் எஸ்எம்ஆர் வகை (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதுபவை) வேண்டாம், மாற்று டிஸ்க்கில் தரவை மறுபடி நிரப்பும் ரீபில்டில் உயிரை எடுக்கும். எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்கிரப் மாதம் ஒன்று, அன்றைய நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட் தினம் ஒன்று, மின்தடைக்கு யூபிஎஸ். பேக்கப் பெட்டி தானே வந்து சர்வரிலிருந்து தரவை இழுத்துக்கொள்ள வேண்டும். சர்வரிடம் அந்தப் பெட்டிக்குள் நுழையும் சாவி இருக்கக் கூடாது. மீட்பு முடியும்வரை பழைய டிஸ்க் எதையும் புதுப் பெட்டியில் செருகப்போவதில்லை.

ஒரு உதவி. வெளியிடத்தில் ஒரு நகல் வேண்டும். உன் வீட்டில் ஒரு டிஸ்க்குக்கு இடம் தருவாயா? என்கிரிப்ட் செய்த நிலையிலேயே அனுப்ப முடியும்; சாவி என்னிடம்தான் இருக்கும், நீ எட்டிப் பார்க்க முடியாது. உன்னுடையதை நான் வைத்துக்கொள்கிறேன். எத்தனை டெராபைட் என்று மட்டும் எழுது, டிஸ்க் வாங்கும்போது சேர்த்துக் கணக்குப் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
ரவி