தடி ஏற்றும் முன்: மாரிமுத்துவுக்கு ஒரு கடிதம்

மதுரை

அன்புள்ள மாரிமுத்து,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்தது கேட்டு நிம்மதி. இங்கே எல்லோரும் நலம்.

மரம் அறுக்கும் மெஷின் வந்து இறங்கிவிட்டது, பேண்ட் பிளேடு (இரண்டு சக்கரத்தில் வளையமாக ஓடும் பட்டை ரம்பம்), பெட்ரோல் எஞ்சின், தண்டவாளத்தில் கையால் தள்ளுகிற வகை என்று எழுதியிருந்தாய். நல்ல தேர்வு. வட்ட ரம்பம் ஒவ்வோர் அறுப்புக்கும் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், மரத்தைத் தூளாக்கும்; இது 2 மில்லிமீட்டரோடு நிற்கும். பத்து அறுப்பில் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் மிச்சம். ஆனால் எஞ்சினைத் தொடும் முன் மாவட்ட வன அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வா. வயலில் வைத்தாலும் அது அறுவை மெஷின்தான். என்ன உரிமம் வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்.

அடுத்து தரை. திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். வெறும் மண்ணில் தண்டவாளத்தை வைத்தால் ஒரு மழையோடு மட்டம் போய்விடும். ஓரடி ஆழம் தோண்டி கிராவல் கொட்டி, தண்ணீர் தெளித்துத் திமிசு போடு. அதன் மேல் மூன்றடிக்கு ஒன்றாகக் கனமான குறுக்குக் கட்டை. கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலில் (தண்ணீர் நிரப்பிய குழாய்) இரண்டு தண்டவாளத்தையும் மட்டம் பார், பிறகு கயிறு பிடித்து நேர் பார். முக்கியமாக முறுக்கு இருக்கக்கூடாது. ஒரு மூலை இரண்டு நூல் தாழ்ந்தாலே பலகை ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் வரும். எஞ்சினைக் குறை சொல்லிப் பயனில்லை. முதல் தடியை, அதாவது அறுக்க வேண்டிய அடிமரத் துண்டை, ஏற்றி இறக்கியதும் திரும்பவும் மட்டம் பார். ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்; தூள் கிழக்கே விழும்படி மெஷினைத் திருப்பி வை.

தடியின் எடையைச் சும்மா நினைக்காதே. 8 அடி நீளம், 56 அங்குலம் சுற்றளவு உள்ள பச்சை வேம்பு ஏறக்குறைய 400 கிலோ இருக்கும். உருட்டும்போது யாரும் சரிவின் கீழ்ப்பக்கம் நிற்கக் கூடாது. கடப்பாரையை நெம்புகிறவன் தடிக்குப் பின்னால், மற்றவர்கள் தள்ளி.

இப்போது ஆணி. நம்மூர் மரத்தில் இதுதான் பெரிய எதிரி. சாலையோரப் புளியில் விளம்பரத் தகரத்துக்கு அடித்தது, வேம்பில் வேண்டுதலுக்கு அடித்தது, கிணற்று மேட்டு வாகையில் ஆட்டுக் கயிறு கட்டச் செருகிய கம்பி, வரப்பு மரத்தில் முள்வேலிக் கம்பி, எல்லாம் பட்டைக்குள் போய் மூடியிருக்கும். தடியின் வெட்டு முகத்தை ஈரத்துணியால் துடைத்துப் பார். எங்காவது கருநீலமாக மை பாய்ந்த மாதிரி கோடு இருந்தால், அந்த வரிசையில் இரும்பு இருக்கிறது என்று எடுத்துக்கொள். மரத்தின் துவர்ப்போடு இரும்பு சேர்ந்தால் அந்த நிறம் வரும். கையில் பிடிக்கிற மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கி, தடி முழுக்கத் தடவிவிட்டு ஏற்று. ஊர் மரம் என்றால் அடியிலிருந்து ஆளுயரம் வரைதான் ஆணி அதிகம். அந்தத் துண்டைத் தனியே வெட்டிவிடுவதும் ஒரு வழி. மண் ஒட்டிய பட்டையைக் கழுவியோ, பிளேடு நுழையும் கோட்டில் கைக்கோடரியால் சீவியோ விடு. ஒட்டிய மணல் ஆணியைவிடச் சத்தமில்லாமல் பல்லைத் தின்னும்.

பிளேடு ஒன்றேகால் அங்குல அகலம், பல்லுக்குப் பல் 7 நூல் என்பது வழக்கமான அளவு. பச்சை மரத்துக்குப் பல்லின் சாய்வு 10 டிகிரி சரி. காய்ந்த புளி, வைரம் பாய்ந்த வேம்புக்கு 7 அல்லது 4 டிகிரி வாங்கு. சாய்வு கூடிய பல் கடின மரத்தில் இறங்கி ஓடும். தென்னையும் பனையும் வெளிப்பக்கம் கெட்டி, உள்ளே பஞ்சு. பிளேடை வேகமாக மழுக்கும். வெளிப்பலகையை மட்டும் எடுத்துக்கொள். வாகைத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது, முகமூடி போடு.

பிளேடு மாட்டும்போது எஞ்சின் சாவி உன் பையில் இருக்க வேண்டும். ஸ்பார்க் பிளக் ஒயரையும் கழற்று. சுருட்டிய பிளேடு கட்டு அவிழ்ந்ததும் சடாரென்று விரியும். தோல் கையுறை, கண்ணாடி போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, யாரும் பக்கத்தில் இல்லாதபோது பிரி. இழுவிசை கையேட்டில் சொன்ன அளவு. வழிகாட்டி உருளை பிளேடை இரண்டு நூல் கீழே அழுத்தி நிற்க வேண்டும். உருளையின் விளிம்புக்கும் பிளேடின் முதுகுக்கும் ஒரு நூல் இடைவெளி. நகரும் உருளையைத் தடிக்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருக்கி வை.

ஒவ்வோர் அறுப்புக்கும் முன்னால் தடியைப் பிடிக்கும் கொக்கிகள் பிளேடின் உயரத்துக்குக் கீழே இருக்கின்றனவா என்று குனிந்து பார். வேலை மும்முரத்தில் மறப்பது இதைத்தான்; மறந்தால் பிளேடு இரும்பில் போய் முட்டும். தடியின் நுனி மெலிந்திருந்தால் அதற்கடியில் ஆப்பு வைத்து, நடுக்குருத்து மெஷின் படுக்கைக்கு இணையாகும்படி தூக்கு. ஒரே பக்கம் பலகை பலகையாக எடுத்துப் போகாதே. இரண்டு எடுத்ததும் தடியை 180 டிகிரி திருப்பு. உள் இறுக்கம் ஒரு பக்கமாக விட்டால் தடியே வில்லாகிவிடும்.

பலகை அலை அலையாக வருகிறது என்றால், எங்கே அலை என்று பார். முடிச்சில் மட்டும் என்றால் பிளேடு மழுங்கியது, அல்லது சாய்வு கூடியது. தொடக்கத்தில் ஏறிப் பிறகு நேரானால் உருளையின் மட்டமோ இழுவிசையோ சரியில்லை. ஒரே பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போனால், ஆணியில் பட்டு ஒரு பக்கத்துப் பல் மழுங்கியிருக்கும். பிளேடு கூர்மையான பக்கம் ஓடும். எல்லா இடமும் அலை, பிளேடும் சுடுகிறது என்றால் தூள் அடைபட்டிருக்கிறது. சோப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விடு. பயந்து மெதுவாகத் தள்ளினாலும் கெடும். மாவு மாதிரித் தூள் விழுந்தால் பல் வெட்டாமல் உரசுகிறது என்று பொருள். சற்றே வேகம் கூட்டு. ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் பிளேடை மாற்று. முழுக்க மழுங்கும் வரை ஓட்டினால் பல்லின் அடிக்குழியில் விரிசல் விடும், சாணை பிடிக்கும்போதும் நிறைய இரும்பு போகும்.

அறுத்து முடித்ததும், ஓடுகிற பிளேடை அதே வெட்டு வழியாகப் பின்னால் இழுக்காதே. ஒரு சிலாம்பு மாட்டினால் பிளேடு சக்கரத்தை விட்டுக் கழன்று வரும். பலகையை எடு, அல்லது பிளேடை உயர்த்து, பிறகு இழு. பிளேடு ஓடும் கோட்டுக்கு நேராக யாரும் நிற்கவே கூடாது. வேட்டி, லுங்கி, தோளில் துண்டு, கையில் காப்பு எதுவும் வேண்டாம். காதடைப்பு கட்டாயம்.

மாலையில் பிளேடின் இழுவிசையைத் தளர்த்து, சக்கரக் கூண்டில் உள்ள தூளை வழி, தண்டவாளத்தை டீசல் துணியால் துடை. ஏர் ஃபில்டரை தினமும் பார். காய்ந்த தூள் சூடான சைலன்சரில் தேங்கினால் தீப்பிடிக்கும், அதை ஓட்டும்போதே அவ்வப்போது துடைக்கச் சொல். எஞ்சின் ஆறிய பிறகே பெட்ரோல் ஊற்று.

அறுத்த அன்றே பலகையின் இரு முனைக்கும் பெயின்ட் பூசு. நம் வெயிலுக்கு முனை முந்திக் காய்ந்து பிளக்கும். தரையிலிருந்து ஓரடி உயரத்தில், ஒன்றரையடிக்கு ஒன்றாக ஓர் அங்குலக் கனக் குச்சி, மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் வைத்து அடுக்கு. மேலே தகரம், அதன் மேல் பாரம். காற்று ஓடட்டும், வெயில் படக்கூடாது. மாம்பலகையில் வண்டு விழும் முன் போராக்ஸ் கரைசல் அடித்துவிடு.

சக்கரத்தில் இருப்பது ரப்பர் பெல்ட்டா, வெறும் இரும்பா என்று நீ எழுதவில்லை. பெல்ட் என்றால் தேய்ந்து தட்டையாகும் முன் மாற்ற வேண்டும், இல்லையேல் பல் இரும்பில் உரசும். அதில் உள்ள நம்பரையும், பிளேடின் நீளத்தையும் பார்த்து எழுது. இங்கிருந்து இரண்டு செட் வாங்கி பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
கணேசன்