தொகுதிக்காகக் கூடினீர்கள், எங்களுக்காகவும் கூடுங்கள்

தமிழ்நாட்டின் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மக்கள்தொகையை வைத்து நாடாளுமன்றத் தொகுதிகளைப் பிரிக்கும் தொகுதி மறுவரையறையில் தமிழ்நாட்டின் பங்கு குறைந்துவிடும் என்றதும் 2025 மார்ச்சில் பெரும்பாலான கட்சிகள் சென்னையில் ஒரே மேசையில் உட்கார்ந்தீர்கள். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்குத் தண்டனையா என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. கட்டுப்படுத்தியது யார் உடம்பு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, இங்கே 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.1 விழுக்காடு.

என் சித்தி மகள் சித்தாள் வேலை பார்க்கிறாள். இரண்டாவது பிரசவத்தோடு ஆபரேஷன் அவளுக்குத்தான் என்று யாரும் பேசாமலே முடிவானது. "அவன் ஆம்பள, பாரம் தூக்கணும்" என்றார் மாமியார். அவள் கணவர் கொத்தனார், கரண்டி பிடிப்பவர். செங்கல்லும் கலவையும் தலையில் ஏற்றிச் சாரம் ஏறுவது இவள். ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷனான வாசக்டமி என்றால் வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, சில நிமிட வேலை, அன்றே வீடு திரும்பலாம். அதை அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் அவரைக் கூப்பிட்டுக்கூடப் பேசவில்லை. கூலி இல்லாமல் வீடு ஓடாது என்பதால், தையல் போட்ட இடத்தில் வலி இருக்கும்போதே அவள் மறுபடி சட்டி தூக்கினாள்.

இப்போது கல்யாண மேடைகளில் சீக்கிரம் பிள்ளை பெற்றுக்கொள்ளச் சொல்கிறீர்கள். அன்று போதும் என்றபோதும் எங்களைக் கேட்கவில்லை, இன்று வேண்டும் என்கிறபோதும் கேட்கவில்லை. எத்தனை பிள்ளை, எப்போது என்பதைத் தம்பதியரே முடிவு செய்யலாம் என்று 1994இல் கெய்ரோவில் நடந்த ஐ.நா. மக்கள்தொகை மாநாட்டில் இந்தியாவும் ஒப்புக்கொண்டதே! பெறச் சொல்கிறவர்கள் சட்டத்தையாவது பார்த்தீர்களா? பேறுகால விடுப்பு முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம், மூன்றாவதற்கு 12 வாரம். சித்தாளுக்கு அதுவும் கிடையாது. அவளுக்குக் கிடைக்கும், மாநில அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகையும் இரண்டு பிரசவத்தோடு நின்றுவிடுகிறது. வேலையிடத்தில் பிள்ளையைக் கிடத்த மணல் குவியலின் நிழல்தான்.

கோபத்தில் எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும். கேட்பது ஒன்றுதான். தொகுதிக்காகக் கூடியதுபோல் இதற்காகவும் கட்சி பார்க்காமல் கூடுங்கள். கிராம சுகாதார செவிலியர்களையும் சித்தாள்களையும் அழைத்து உட்கார வைத்துக் கேளுங்கள். கர்ப்ப காலத்திலேயே, வலி வருவதற்கு முன்பே, கணவனையும் மனைவியையும் சேர்த்து உட்காரவைத்து எல்லா முறைகளையும் விளக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் கட்டாயமாக்குங்கள். அடுத்த கூட்டத்தொடரிலேயே இதை எடுத்துக்கொள்ளும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாக்காளர்களில் ஒருத்தி