‘கார்டு போய்விட்டது’ என்று சொல்வதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டிலுள்ள ஒரே கணினியில்தான் என் மகள் கட்டட வரைபடம் போட்டுக் கொடுத்துச் சம்பாதிக்கிறாள். சென்ற மாதம், வரைபட மென்பொருள் திறந்திருக்கும்போதே பிரவுசரில் வீடியோவும் ஓடினால் திரை சட்டென்று கறுத்து, ஓரிரு நொடிகளில் மீண்டு, டிஸ்ப்ளே டிரைவர் (திரைக்குப் படம் தரும் பாகத்தை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) நின்றுபோய் மீண்டது என்ற அறிவிப்பு வரத் தொடங்கியது. பழுது பார்க்கக் கொண்டுபோன கடையில் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், திரைக்குப் படம் தரும் கிராஃபிக்ஸ் கார்டு போய்விட்டது, புதிது போட வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன விலை மகளின் இரண்டு மாத வருமானம்.

அவள் ஒப்பவில்லை. “வரைபடம் மட்டும் திறந்தால் மணிக்கணக்கில் ஓடுகிறது, வீடியோ மட்டும் போட்டாலும் ஓடுகிறது, கார்டு கெட்டிருந்தால் அது எப்படிப்பா?” என்று கேட்டாள். பிரவுசரின் அமைப்புகளில் ‘கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷன்’ என்பதை, அதாவது படம் காட்டும் வேலையைக் கார்டிடம் ஒப்படைக்கும் வசதியை, அணைத்துப் பார்த்தாள், கறுப்பது நின்றது. பிறகு, கணினியின் பாகங்களையும் அவற்றின் டிரைவர்களையும் காட்டும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் பார்த்தபோது, தொல்லை தொடங்கிய அதே வாரத்தில் டிரைவர் தானாகவே புதுப்பிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுத்துப் பழைய பதிப்புக்குத் திரும்பியபின், அணைத்ததை மீண்டும் போட்டும் இரண்டும் ஒருங்கே ஓடுகின்றன.

இரண்டு மென்பொருள்களும் படம் வரையும் வேலையை ஒரே டிரைவர் வழியாகத்தான் கார்டிலுள்ள கிராஃபிக்ஸ் சிப்பிடம் ஒப்படைக்கின்றன. சிப் 2 நொடிக்குள் பதில் தராவிட்டால் கணினி முழுவதும் உறைந்துவிடாதபடி விண்டோஸ் அந்த டிரைவரை மட்டும் மீட்டுத் தொடங்குகிறது. 2007-இல் வெளிவந்த விண்டோஸ் விஸ்டா பதிப்பு முதலே இந்த ஏற்பாடு உண்டு. ஆகவே திரை ஒரு கணம் கறுப்பதை மட்டும் வைத்துக் கார்டு செத்துவிட்டது என்று தீர்ப்பு எழுத முடியாது.

எல்லாப் பழுதும் மென்பொருளால் வருவது என்று நான் சொல்லவில்லை. கடலின் உப்புக் காற்றும் கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும் நிறைந்த எங்கள் பகுதியில் விசிறி அடைத்துக் கார்டு சூடேறிக் கெடுவதும் உண்மையே. விண்டோஸ் வருவதற்கு முன்பே, தயாரிப்பாளரின் சின்னம் தெரியும்போதே திரையில் கோடுகள் விழுந்தால் கார்டையோ கேபிளையோ மானிட்டரையோ ஐயப்படலாம். குறிப்பிட்ட இரண்டு மென்பொருள்கள் சேரும்போது மட்டும் தொல்லை வந்தால் முதலில் பார்க்க வேண்டியது டிரைவரைத்தான். இதைப் பிரித்தறிய அரை மணி நேரம் போதும், செலவு ஏதுமில்லை.

இந்தச் சோதனையைச் செய்து அதன் முடிவை ரசீதில் எழுதித் தந்த பிறகே சர்வீஸ் கடைகள் உதிரிபாகம் மாற்றச் சொல்ல வேண்டும். தங்கள் நாளிதழும் இந்த வழிமுறையைப் படங்களுடன் எளிய தமிழில் வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை-81