புசானில் கடலைப் பார்க்கக் கட்டணம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொரியா என்றதும் நம் சுற்றுலாப் பக்கங்கள் பெரும்பாலும் சியோலோடு நின்றுவிடுகின்றன. துறைமுக நகரமான புசானைப் பற்றி வந்தாலும் ஹேயுண்டே கடற்கரையின் வானுயர ஹோட்டல்களும், தண்டவாளத்தில் ஊரும் வண்ணக் கேப்சூல் வண்டிகளும்தான் படமாக வருகின்றன. அதைப் பார்ப்பவர்கள் ‘நமக்குக் கட்டுப்படியாகாது’ என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு தவறு. அந்த ஊரில் பார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதிக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. பணம் கரைவது படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும்தான். இரண்டையும் கட்டுக்குள் வைத்தால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 60,000 வொன் போதும். ஆயிரம் வொன் ஏறக்குறைய 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 3,600 ரூபாய். விமானச் சீட்டும் விசாவும் தனி. இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா முன்கூட்டியே வாங்க வேண்டும்.

தேதியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதிச் சேமிப்பு இருக்கிறது. ஜூலை, ஆகஸ்ட் கடற்குளியல் பருவத்தில் அறை வாடகை எகிறும். சியோல்லால் (சந்திரப் புத்தாண்டு), சூசோக் (அறுவடைத் திருநாள்) பண்டிகை நாட்களில் ரயில் இடம் கிடைக்காது, சின்னச் சாப்பாட்டுக் கடைகளும் மூடிக் கிடக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் புயல் வரும். ஏப்ரல், மே மாதங்களும் அக்டோபர் பிற்பகுதியும் நல்ல காலம். ஆனால் இலையுதிர் காலத்தில் குவாங்கல்லி கடற்கரையில் நடக்கும் வாணவேடிக்கைத் திருவிழா நாளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வெள்ளி, சனி இரவுகளுக்கு எப்போதுமே வாடகை கூடுதல் என்பதால் ஞாயிறு போய் வியாழன் திரும்புவது போலத் திட்டமிடுவது நல்லது.

தங்குவதற்கு ஹேயுண்டே வேண்டாம். மெட்ரோவின் 1, 2 தடங்கள் சந்திக்கும் சியோமியோன், அல்லது பழைய நகரமான நம்போ பகுதியில் பகிர்வு அறைப் படுக்கை 20,000 முதல் 30,000 வொன்னுக்குக் கிடைக்கும். சியோமியோனிலிருந்து ஹேயுண்டேக்கு 2-ஆம் தடத்தில் நேராகப் போகலாம். ‘ஜிம்ஜில்பாங்’ என்னும் வெந்நீர்க் குளியலகத்தில் இரவைக் கழிக்கலாம் என்று பலர் எழுதுகிறார்கள். இப்போது பல இடங்கள் இரவில் மூடுகின்றன, முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். தரையில் மெல்லிய பாயில்தான் படுக்கை. குளிக்கும் பகுதியில் உடையில்லாமல்தான் இருக்க வேண்டும். இதெல்லாம் சரிப்பட்டால் ஓர் இரவுக்கு நல்ல வழி, தொடர்ந்து நான்கு இரவுக்கு அல்ல.

சியோலிலிருந்து வருபவர்களுக்கு: அதிவேக கேடிஎக்ஸ் ரயிலில் 59,800 வொன், இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். முகுங்வா ரயிலில் அதில் பாதிக்கும் குறைவு, ஐந்தரை மணி நேரம். விரைவுப் பேருந்து இரண்டுக்கும் நடுவே, நாலே கால் மணி நேரம் போல ஆகும்.

புசானில் இறங்கியதும் கன்வீனியன்ஸ் ஸ்டோரில் டி-மணி அல்லது கேஷ்பீ என்னும் பயண அட்டை வாங்கிவிடுங்கள். அதில் பணம் ஏற்ற வொன் நோட்டு தேவை. நம் ஊர் வங்கி அட்டையை நம்பிப் போய் எந்திரத்தின் முன் திகைப்பவர்கள் அதிகம். மெட்ரோக் கட்டணம் குறைந்தபட்சம் சுமார் 1,600 வொன். பேருந்தில் ஏறும்போது மட்டுமல்ல, இறங்கும்போதும் பின்கதவருகே உள்ள கருவியில் அட்டையைக் காட்ட வேண்டும். காட்டினால் 30 நிமிடத்துக்குள் ஏறும் அடுத்த வண்டிக்குச் சலுகை உண்டு. மறந்தால் முழுக் கட்டணம் போகும். மெட்ரோ ஒருநாள் சீட்டு பேருந்தில் செல்லாது. அழகான இடங்களுக்கெல்லாம் பேருந்துதான் என்பதால் அதை வாங்குவதில் லாபமில்லை. 1-ஆம் தடத்தின் பல நிலையங்களில் இரண்டு திசைக்கும் நுழைவாயில் தனித்தனி. உள்ளே போனபின் எதிர்ப்பக்கம் கடக்க முடியாது, அதனால் பலகையைப் பார்த்துவிட்டு நுழையுங்கள். வரைபடத்துக்கு நேவர் மேப் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். கொரியா துல்லிய வரைபடத் தரவை வெளிநாட்டுக்குத் தருவதில் கட்டுப்பாடு வைத்திருந்ததால் கூகுள் வரைபடம் அங்கே நடைவழி காட்டுவதில் பின்தங்கிவிட்டது.

இனி நடை. புசானுக்குப் போய் ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால் இகிடே கடலோரப் பாதையில் நடங்கள். 2-ஆம் தடத்தில் கியோங்சங்-புகியோங் பல்கலைக்கழக நிலையத்தில் இறங்கி, 27 அல்லது 131 எண் பேருந்தில் ஓர்யுக்தோ போக வேண்டும். அங்கே பாறை முனையிலிருந்து கடலுக்கு மேல் நீளும் கண்ணாடிப் பாலம் இலவசம். செருப்புக்கு மேல் துணி உறை மாட்டிக்கொண்டுதான் ஏற விடுவார்கள். மழையோ பலத்த காற்றோ இருந்தால் மூடிவிடுவார்கள். அங்கிருந்து வடக்கே தோங்செங்மால் வரை ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, இரண்டரை மணி நேரம் ஆகும். இந்தத் திசையில் நடப்பதுதான் முக்கியம்: ஒவ்வொரு வளைவிலும் குவாங்கன் பாலமும் ஹேயுண்டே கோபுரங்களும் முன்னால் பெரிதாகிக்கொண்டே வரும். எதிர்த்திசையில் வந்தால் அது முதுகுப் பக்கம் போய்விடும். மரப்படிகளும் கற்படிகளும் மாறி மாறி ஏறி இறங்கும். மழைக்குப் பின் கற்கள் வழுக்கும், ரப்பர் செருப்பு ஆகாது. நடுவே கடை இல்லை. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்துப் போங்கள். முடிவில் கீழிறங்கி நடந்தால் குவாங்கல்லி கடற்கரை. சனிக்கிழமை என்றால் இரவில் அங்கே ட்ரோன் ஒளிக்காட்சி, காற்று அனுமதித்தால். அதுவும் இலவசம்.

கேப்சூல் வண்டிக்கும் செலவழிக்கத் தேவையில்லை. இருவர் அமர 30,000 வொன்னுக்கு மேல் கேட்கிறார்கள். 2013-இல் ரயில் நின்றுபோன அதே பழைய பாதையை ஒட்டி, ஹேயுண்டேயை அடுத்த மிப்போவிலிருந்து சியோங்சாபோ வழியாகச் சோங்ஜியோங் வரை மரப்பலகை நடைபாதை இருக்கிறது. வண்டியில் போகிறவர் பார்க்கும் கடலை நடப்பவரும் காசில்லாமல் பார்க்கலாம். அங்கிருந்து 181 எண் பேருந்தில் யோங்குங்சா கோயில். கடற்பாறைகளின் மேல் கட்டியது, நுழைவு இலவசம். காலையிலேயே போய்விடுங்கள், பிறகு படிகளில் நகர முடியாது.

சாப்பாட்டுக்குப் பன்றி இறைச்சி சூப்பும் சோறுமான ‘துவேஜி குக்பாப்’ ஒரு கிண்ணம் 10,000 வொன் அளவில். வயிறு நிறையும், தொட்டுக்கொள்வதைத் திரும்பக் கேட்டாலும் காசில்லை. டிப்ஸ் வழக்கம் கிடையாது. இறைச்சி சுடும் கடைகளில் குறைந்தது இரண்டு பேருக்கான அளவைத்தான் தருவார்கள், தனியாகப் போகிறவர் உட்காருமுன் கேட்க வேண்டும். ஜகல்சி மீன் சந்தையில் கீழே மீனுக்கு விலை பேசி முடித்தாலும், மேல்மாடியில் உட்கார்ந்து சாப்பிட ஆளுக்கொரு கட்டணமும், மிச்ச முள்ளில் குழம்பு வைக்க இன்னொன்றும் சேரும். மொத்தத்தையும் கால்குலேட்டரில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

சைவர்களுக்குத்தான் உண்மையான சிரமம். கிம்சியில் மீன் சாறும், காய்கறி சூப்பில் நெத்திலி கொதித்த நீரும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கன்வீனியன்ஸ் ஸ்டோரில் கிம்பாப் ஏற்கெனவே சுருட்டி வைத்தது, பிரிக்க முடியாது. அதனால் கண்ணெதிரே சுருட்டித் தரும் சிறு கடைக்குப் போய் ‘ஹெம், மத்சல், ஓமுக் பே ஜுசேயோ’ என்று சொல்லுங்கள். ஹாம், நண்டுக் குச்சி, மீன் கேக் மூன்றையும் விட்டுவிட்டுக் கேரட், கீரை, மஞ்சள் முள்ளங்கி வைத்துத் தருவார்கள். முட்டையும் வேண்டாதவர்கள் ‘கேரான்’ என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஊறுகாயும் பருப்புப் பொடியும் பெட்டியில் இருக்கட்டும்.

திரும்பும் நாளுக்கு ஒரு யோசனை. மெட்ரோ 2-ஆம் தடத்தின் சசாங் நிலையத்திலிருந்து கிம்ஹே விமான நிலையத்துக்குப் போகும் அதே இலகு ரயில், மேலும் வடக்கே கிம்ஹே நகரில் உள்ள, பழங்காலச் சூரோ மன்னர் சமாதி வரை செல்கிறது. அயுதா என்ற நாட்டிலிருந்து கி.பி. 48-இல் கப்பலில் வந்து சூரோவை மணந்ததாக ‘சம்குக் யூசா’ என்னும் பழைய கொரிய நூல் சொல்லும் அரசி ஹோ ஹ்வாங்-ஓக்கின் சமாதியும் அதே ஊரில்தான். அயுதா எது என்பதில் அறிஞர்கள் ஒருமித்துச் சொல்லவில்லை. தமிழகக் கரை என்று வாதிடுவோரும் உண்டு. இரண்டு சமாதிகளுக்கும் கட்டணம் இல்லை. அருகிலுள்ள தேசிய அருங்காட்சியகமும் இலவசம், திங்கட்கிழமை விடுமுறை. விமானம் மாலையில் என்றால் பெட்டியை நிலைய லாக்கரில் வைத்துவிட்டுக் காலையிலேயே கிளம்புங்கள்.

இப்படிக்கு,
புசானை அறிந்த ஒரு வாசகர்